உள்தாழ்ப்பாள்

"நீங்க சொல்லிக் கொடுத்த எதுவும் பலிக்கல டாக்டர். அந்தப் பொண்ணு வாயே திறக்க மாட்டேங்குது."

ஜெசிந்தா சிஸ்டருக்கு மூச்சு வாங்கியது. அவசரப் பிரிவில் தலை நரைத்தவர். கடத்தி வரப்பட்டவர்களை அடையாளம் காண டாக்டர் நூர்ஜஹான் நடத்திய பயிற்சியில் முதல் வரிசையில் உட்கார்ந்தவர். டாக்டருக்கு வயது குறைவுதான். அதனால் என்ன, குரு குருதான்.

டாக்டர் தலையசைத்தார். மேலே சொல்லுங்கள் என்று அர்த்தம்.

நூற்பாலையிலிருந்து தவமணி என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். பதினாறு வயதிருக்கும். இடது கை முறிந்திருக்கிறது. கூட வந்தவன் மாமா என்கிறான். கேள்வி அவளுக்கு, பதில் அவனிடமிருந்து. சொந்த ஊர் எது என்பதைக்கூட அவன்தான் சொல்கிறான். மாவுக்கட்டுப் போட்டதும் அழைத்துப் போய்விடுவான். போனால் போனதுதான், அப்புறம் அவளை எங்கே தேடுவது?

"தனியாப் பேசினீங்களா?"

பேசியிருந்தார். எக்ஸ்ரே அறைக்குள் நோயாளி மட்டும்தான் வரலாம் என்று அவனை வெளியே நிறுத்திவிட்டு, உன்னை யாராவது அடைத்து வைத்திருக்கிறார்களா என்று நேராகவே கேட்டிருந்தார்.

"என்ன சொன்னா?"

"இல்லைங்கறா. சரியான அழுத்தக்காரி."

டாக்டர் எழுந்தார். "வாங்க."

எக்ஸ்ரே அறை காலியாக இருந்தது. சிஸ்டரை உள்மூலை ஸ்டூலில் உட்காரச் சொன்னார். கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டார். அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றார்.

"இப்படித்தானே நின்னு அவகிட்ட கேட்டீங்க?"

"ஆமா டாக்டர். அவன் உள்ள வந்துடக் கூடாதே."

டாக்டர் கதவை விட்டு நகரவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். சிஸ்டர் கையைப் பிசைந்தார்.

"என்கிட்ட ஏதாவது மறைக்கிறீங்களா சிஸ்டர்? பயப்படாம சொல்லுங்க."

"இல்ல டாக்டர்."

மறைக்க ஒன்றுமே இல்லாதவருக்கு ஏன் நாக்கு வறள வேண்டும்?

டாக்டர் தாழ்ப்பாளை நீக்கினார்.

"அவனைக் காப்பீட்டு கவுண்டர்ல கொஞ்ச நேரம் நான் பிடிச்சு வைக்கிறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொரு படம் எடுக்க வேண்டும் என்று தவமணியைச் சிஸ்டர் மறுபடி அழைத்து வந்தார். இந்த முறை மூலை ஸ்டூலில் சிஸ்டர் உட்கார்ந்தார். தவமணிக்குக் கதவோரம் நாற்காலி. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. எந்த நிமிடமும் அவன் தள்ளிக்கொண்டு வரலாம். ஆனாலும் சிஸ்டர் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது பெரும்பாடாக இருந்தது.

தவமணி கதவைப் பார்த்தாள். சிஸ்டரைப் பார்த்தாள்.

"நான் போலாமா?"

போய்விடுவாளோ என்று சிஸ்டருக்குப் பயம். "போலாம்மா," என்றார்.

தவமணி எழுந்து கதவருகே போனாள். நல்ல கையால் தானே தாழ்ப்பாளைப் போட்டாள்.

"அவன் என் மாமா இல்லம்மா," என்றாள்.