செவ்வந்திப் பாத்தியும் அரங்கண்ணலின் பூனைகளும்

வந்து உட்காருங்கள், சின்னவர்களே, பெரியவர்களே. நம் பாட்டன் பூட்டனுக்கும் முந்தைய காலத்தில், ஓர் ஆற்றின் வடகரையில் வேங்கைப்பாடி என்று ஓர் ஊர் இருந்தது. அங்கே நப்பின்னை என்றொருத்தி கோயில் நந்தவனத்தைப் பார்த்துவந்தாள். தைத் திருவிழாவுக்குச் செவ்வந்தி கொடுப்பது அவள் கடமை. கொடுத்துவரும்வரை நந்தவனமும் அதிலிருந்த குடிசையும் அவளுக்கு. கொடுக்கத் தவறினால் இரண்டும் வேறொருவர் கைக்குப் போய்விடும்.

அடுத்த வீடு நெல் வணிகர் அரங்கண்ணலுடையது. அவருடைய களஞ்சியங்களைக் காக்க ஏழெட்டுப் பூனைகள் இருந்தன. "என் நெல்லில் ஓர் எலிப்புழுக்கை காட்டுங்கள் பார்ப்போம்" என்று சொல்லியே அவர் விற்பார்.

அந்த ஆண்டு ஆவணியில் நப்பின்னை நாற்று நட்டாள். விடிந்து பார்த்தால் பாத்தியெல்லாம் கிளறிக் கிடந்தது. நாற்றுகள் வேர் தெரிய வாடிக் கிடந்தன. நடுவே பூனை மலம் நாறியது.

மறுபடியும் நட்டாள். முள் வெட்டி வந்து அடைத்தாள். பூனைகள் முள்ளுக்கு இடையே நுழைந்து வந்தன. வசம்பை இடித்துக் கரைத்துத் தெளித்தாள். மழை அதைக் கழுவிக்கொண்டு போனது. தண்ணீர்க் குடத்தோடு காவல் இருந்தாள்; அவள் கஞ்சி குடிக்கப் போகும் நேரம் பார்த்து வந்தன.

அரங்கண்ணலிடம் போய் முறையிட்டாள்.

"பூனைக்கு வேலி தெரியுமா அம்மா?" என்று அவர் சிரித்தார்.

இரண்டாம் முறை போனாள். "அவை என் பூனைகளே அல்ல. எலி இருக்கும் இடத்துக்குத் தாமாக வருகின்றன. நானா கூப்பிட்டேன்?" என்றார்.

மூன்றாம் முறை அவர் வெளியே வரவே இல்லை. உடையவன் இல்லாத பூனைக்காகத் தன் வாசலில் நிற்க வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொன்னார்.

நப்பின்னை நகரவில்லை. அங்கேயே நின்றாள். அப்போதுதான் உள்ளே ஒரு பூனை முற்றத்தைப் பிறாண்டுவதைக் கண்டாள். நெல் காயப்போட வசதியாக அரங்கண்ணல் அந்த ஆண்டுதான் முற்றம் முழுவதும் கல் பாவியிருந்தார். மண் என்பது ஒரு கைப்பிடிகூட இல்லை. பிறாண்டிப் பிறாண்டிப் பார்த்த பூனை, சுவரேறி அவள் பாத்திக்குள் குதித்தது.

அதுவரை பூனைகளைத் திட்டிக்கொண்டிருந்தவள் அன்றோடு நிறுத்தினாள். பாவம், அது எங்கே போகும்? அவள் கோபம் முழுவதும் கல் பாவியவர்மேல் திரும்பியது.

ஐப்பசியில் ஊர்த்தலைவர் கீரனார் நந்தவனத்தைப் பார்க்க வந்தார். பாத்திகளில் பாதி வெறுமையாகக் கிடந்தது. "பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் விட்டுவிடு நப்பின்னை" என்று கடிந்துகொண்டு, அவளைச் சபைக்கு வரச் சொன்னார். செய்யாத குற்றத்துக்குத் தலை குனிந்து நிற்க அவளுக்கு மனம் வரவில்லை. நிமிர்ந்தே போனாள்.

சபையில் அரங்கண்ணலும் இருந்தார்.

"ஐயா, என் நாற்றைப் பறித்த பூனைகளுக்கு உடையவர் இல்லையாம். அரங்கண்ணல் ஐயா சொன்னார். இங்கேயும் ஒருமுறை அவரைச் சொல்லச் சொல்லுங்கள்" என்றாள் நப்பின்னை.

"ஆமாம், அவை என்னுடையவை அல்ல" என்றார் அரங்கண்ணல்.

"நல்லது. அப்படியானால் நாளைக்கே அத்தனையையும் கூடையில் பிடித்து, ஓடத்தில் ஏற்றி அக்கரையில் விட்டுவிடுகிறேன். யாரிடமும் கேட்க வேண்டியதில்லையே?"

அரங்கண்ணல் துள்ளி எழுந்தார். "என் பூனைகள்மேல் கை வைக்க நீ யார்?"

 கீரனார் மெல்லக் கேட்டார்: "யாருடைய பூனைகள் என்றீர்?"

அரங்கண்ணல் மறுபடி உட்கார்ந்தார். நப்பின்னை அவரைப் பார்த்துப் பேசினாள். "எலி பிடிக்கும்போது உங்கள் பூனை. என் பாத்தியைக் கிளறும்போது ஊர்ப் பூனையா? உங்கள் முற்றம் சுத்தமாக இருக்க என் குடிசை போக வேண்டுமா?"

கீரனார் முதலில், தாம் நப்பின்னையைக் கடிந்தது தவறு என்று சபையறியச் சொன்னார். பிறகு தீர்ப்புச் சொன்னார். அரங்கண்ணல் தம் முற்றத்தின் ஒரு பக்கத்தில் கல்லைப் பெயர்த்து, ஆற்றுமணல் நிரப்பி, அதைத் தாமே சுத்தம் செய்துவர வேண்டும். பாழான பாத்திகளில் தம் கையாலேயே நாற்று நட வேண்டும்.

மணல் விழுந்த அன்றே பூனைகள் அங்கே போகத் தொடங்கின. எப்போதாவது தப்பி வந்த ஒன்றிரண்டும், நாற்றுகளுக்கு இடையே நப்பின்னை நெருக்கமாக ஊன்றியிருந்த குச்சிகளைக் கண்டு திரும்பிப் போயின.

அரங்கண்ணல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் குந்தி நட்டார். நப்பின்னை பக்கத்தில் நின்று பார்த்தாள். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது, "இந்த வரிசை சாய்ந்திருக்கிறது. பிடுங்கி நடுங்கள்" என்றாள். அவர் மறுபடியும் குந்திப் பிடுங்கி நட்டார்.

பிந்தி நட்ட நாற்று தைக்குள் பூக்கவில்லை. அந்த ஆண்டு சாமிக்குச் செவ்வந்தி மாலை பாதி நீளம்தான். அது யாரால் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. நந்தவனம் நப்பின்னையிடமே இருந்தது.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: ஒன்றின் பயனை என்னுடையது என்று எடுத்துக்கொள்பவர், அதனால் அடுத்தவருக்கு வரும் தொல்லையையும் என்னுடையது என்றே ஏற்றுக்கொள்ள வேண்டும்.