ரோஸ்லின் மரம் நின்ற மூலை

கணக்கென்றாலே ஒதுங்குகிறவர்களும் இதைக் கேட்கலாம். ஒரு கயிறும் கொஞ்சம் பழைய ஞாபகமும் இருந்தால் போதும்.

பாத்திமுத்து, செண்பகவல்லி, ரோஸ்லின் மூவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். எந்தச் சண்டை வந்தாலும், மற்ற இருவரும் 'பாத்து' என்று கூப்பிடும் பாத்திமுத்து ரோஸ்லின் கட்சி. ஆறாம் வகுப்பில் பள்ளி மைதானத்து ஓரம் ஆளுக்கொரு வேப்பங்கன்று நட்டார்கள். இரண்டு மதில்கள் சேரும் மூலை ரோஸ்லினுக்கு வாய்த்தது. ஒரு மதிலை ஒட்டிச் செண்பகவல்லியின் கன்று, மற்ற மதிலை ஒட்டிப் பாத்திமுத்துவின் கன்று. ஒருநாள் ரோஸ்லின் வகுப்பிலிருந்த மர மூலைமட்டத்தைத் தூக்கிவந்து அந்த மூலையில் வைத்துப் பார்த்தாள். "இம்மி இடைவெளி இல்லட்டி" என்றாள். மதில் கட்டிய கொத்தனாருக்குக்கூட அத்தனை பெருமை இருந்திருக்காது.

ஒன்பதாம் வகுப்பு முடிந்த அன்று ஆளுக்கொரு கடிதம் எழுதி, பிஸ்கட் டப்பாவில் போட்டுப் புதைத்தார்கள். யார் மரத்துக்கும் பக்கமாக இருக்கக் கூடாது என்று ரோஸ்லின்தான் இடம் பார்த்தாள். கிணற்றுக் கயிற்றால் அளந்தபோது மூன்று மரத்துக்கும் ஒரே தூரம். நாற்பது வருஷம் கழித்து மூவரும் சேர்ந்து எடுப்பதாகப் பேச்சு.

ரோஸ்லின் போன வருஷம் தவறிவிட்டாள். அவள் மரத்தையும் பழைய மதில்களையும் எடுத்துவிட்டுப் புதுக் கட்டடம் எழுப்பியிருந்தார்கள். மற்ற இரண்டு வேம்பும் நின்றன. திங்கட்கிழமை மைதானத்துக்குச் சிமெண்ட் போடப்போகிறார்கள் என்று தெரிந்து, இருவரும் ஓடிவந்தார்கள். ஒரே ஒரு குழி தோண்டத் தலைமையாசிரியை அனுமதித்தார்.

செண்பகவல்லி இரண்டு மரத்துக்கும் இடையே கயிறு பிடித்து, அதைச் சரிபாதியாக மடித்து அளந்து, நடுவில் நின்றாள். "இங்கதான் தோண்டணும்."

பாத்திமுத்துவுக்குச் சுருக்கென்றது. ரோஸ்லினிடமிருந்து இனி வரக்கூடிய ஒரே பேச்சு இந்த மண்ணுக்குள் கிடக்கிறது. அதைத் தவறவிட அவளுக்கு மனசு வரவில்லை.

"நம்ம ரெண்டு பேருக்கும் நட்டநடுவுல வச்சா, அவ எங்கட்டி போனா? அவ மூலைப் பக்கமாத் தள்ளித் தோண்டு. அவளுக்கும் அதே தூரம் வரணும்லா?"

"அவ மரம் எங்க நின்னுதுன்னே இப்பத் தெரியாது. தெரியவும் வேண்டாம்" என்றாள் செண்பகவல்லி.

இருப்பதோ ஒரே குழி. ரோஸ்லின் அந்த மூலையில் வைத்துப் பார்த்ததை நினைத்துக்கொண்டு சொல்லுங்கள்: யார் காட்டிய இடத்தில் தோண்டுவது சரி?

விடை: செண்பகவல்லி காட்டிய இடம்தான். மூலைமட்டம் பொருந்தியதால் அந்த மூலை செங்கோணம். ஒரு நீள்சதுரத் தாளில் மூலைக்கு மூலை இரண்டு கோடு போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே நீளம். ஒன்றையொன்று சரிபாதியில் வெட்டும். அந்த நடுப்புள்ளியிலிருந்து எல்லா மூலைக்கும் ஒரே தூரம். ரோஸ்லின் மரம் ஒரு மூலை, மற்ற இரண்டும் அதன் இருபக்கத்து மூலைகள்; அவற்றுக்கு இடையே பிடித்த கயிறுதான் மூலைக்கு மூலை போட்ட கோடு. நடுவில் நின்று வட்டம் போட்டால் அது மூன்று மரத்தையும் தொட்டுக்கொண்டு போகும். மதில்களின் நீளம் தெரிய வேண்டியதில்லை.

முழங்கை ஆழத்தில் டப்பா கிடைத்தது. ரோஸ்லின் இரண்டே வரி எழுதியிருந்தாள்: "செண்பகம் கணக்குப் போட்டிருப்பா. பாத்து என் கட்சி பேசிச் சண்டை போட்டிருப்பா."

"பாத்தியா, நான் பேசுவேன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு" என்று பாத்திமுத்து அழுதுகொண்டே சிரித்தாள்.