ஐந்து ஓட்டை இலை

கிறீச்… என்று ஒரு சத்தம் கேட்கும். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. மறுபடியும் கிறீச். ஆற்றங்கரைக் காட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள், எங்கோ பெரிய மரம் முறிகிறது என்று பயந்து அப்படியே நின்றுவிடுவார்கள். புதரை விலக்கி எட்டிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

அங்கே ஒரு பாறை. பாறைமேல் குறுக்காக ஒரு நீண்ட மருதமரம். அதன் தடித்த முனைக்குப் பக்கத்தில், குட்டியோடு ஒரு பெண் யானை. மெலிந்த முனையில், தூக்கணாங்குருவிகள் கொடியால் பின்னிக் கொடுத்த ஒரு கூடை. யானை காலை வைத்து அழுத்தினால் கூடை மேலே போகும். மரங்களின் தலையெல்லாம் தாண்டிப் போய் நிற்கும். காலை எடுத்தால் மெல்லக் கீழே வரும். அதற்கு 'ஏற்றம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

போன மழைக்காலத்து வெள்ளம் சாய்த்துப் போட்ட மரம் அது. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. யானை முதுகு சொறிய மரத்தில் சாய்ந்தபோது மறுமுனையில் உட்கார்ந்திருந்த முள்ளம்பன்றி மேலே போய்விட்டது. இறங்கி வந்ததும், "இன்னொரு தடவை சொறிஞ்சுக்கோ யானையக்கா" என்று கேட்டது. அவ்வளவுதான். மறுநாள் விடிவதற்குள் காடே வரிசையில் வந்து நின்றது. மரம் ஏறத் தெரியாதவர்களுக்கும் இறக்கை இல்லாதவர்களுக்கும் உயரம் என்றால் அத்தனை ஆசை.

வரிசையில் நின்றார்கள் என்று சொல்வதே தப்பு. முண்டினார்கள். காட்டுப்பன்றி நின்றபடியே தூங்கியது; அதைத் தாண்டிப் போனவர்களை விழித்துக்கொண்டு முட்டியது. மேலே போன கரடி, காற்று நன்றாக இருக்கிறது என்று இறங்கவே மாட்டேன் என்றது. காலையில் வந்தவர்கள் பொழுது சாயும்வரை நின்று, ஏறாமலே திரும்பிப் போனார்கள்.

இதையெல்லாம் ஒரு நரி பாறைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. கெட்ட நரி இல்லை. கணக்காக யோசிக்கிற நரி. எதையாவது சரி செய்யாவிட்டால் அதற்குச் சாப்பாடு இறங்காது.

முதலில், ஒரு கொக்கைப் பக்கத்தில் நிறுத்தி, அது இருபது எண்ணுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று சட்டம் போட்டது. அடுத்து, கூடையில் மூன்று பேருக்கு இடம் இருந்தும் ஜோடி ஜோடியாக ஏறி ஓர் இடத்தை வீணாக்குகிறார்களே என்று கண்டுபிடித்தது. தனியாக வருகிறவர்களைத் தனியாக நிறுத்தி, காலி இடத்தில் ஏற்றிவிட்டது. முள்ளம்பன்றியின் பக்கத்தில் மட்டும் யாரும் உட்கார மாட்டேன் என்றார்கள். நரி அதற்கும் வழி செய்தது. ஆமையை அதன் பக்கத்தில் உட்கார வைத்தது.

மூன்றாவது யோசனைதான் பெரியது. இத்தனை பேர் ஏன் நிற்க வேண்டும்? நரி ஒரு மூங்கில் கழியை நட்டு, அதன் நிழல் போகும் வழியில் ஐந்து கற்களை வைத்தது. காலையில் எல்லோருக்கும் ஆளுக்கோர் இலை. ஒரு ஓட்டை போட்ட இலை என்றால் நிழல் முதல் கல்லைத் தொடும்போது வந்தால் போதும். இரண்டு ஓட்டைக்கு இரண்டாவது கல். ஐந்து ஓட்டைக்குச் சாயங்காலம். நடுவில் மேயலாம், தூங்கலாம், சண்டை போடலாம்.

முதல் நாள் அரசிலை கொடுத்தார்கள். நிழல் மூன்றாவது கல்லுக்கு வந்தபோது முயல் வெறும் வாயோடு வந்து நின்றது. இலை எங்கே என்று கேட்டதற்கு, "பசிச்சுது" என்றது. மான் கூட்டத்திலும் ஒருவரிடமும் இலை இல்லை. மறுநாளிலிருந்து எருக்கிலை. அதை யாரும் வாயில் வைக்கவில்லை.

அந்த இலைகளைப் பறித்து, ஓட்டை போட்டு வைக்கும் வேலையை நரி ஒரு சருகுமானிடம் கொடுத்திருந்தது. மான் என்று பெயர்தானே ஒழிய, முயல் அளவுதான் இருக்கும். கொம்பு கிடையாது. சருகோடு சருகாகப் படுத்திருந்தால் மிதித்தால்தான் தெரியும். அதன் குளம்பு ஊசி மாதிரி. ஒரு குத்து குத்தினால் இலையில் அழகாக ஓர் ஓட்டை விழும்.

சருகுமானுக்கு ஒரு மகள். வெள்ளம் வந்த அன்று மகள் அக்கரையில் மேய்ந்துகொண்டிருந்தது, தாய் இக்கரையில். முன்பு கல் மேல் கல் தாவிக் கடந்த ஆறு, வெள்ளத்துக்குப் பிறகு அகன்று ஆழமாகிவிட்டது. முதலைகளும் வந்துவிட்டன. நடுவில் நாணல் ஆளுயரத்துக்கு வளர்ந்து அக்கரை மணலை மறைத்துக்கொண்டது. மகள் வெள்ளத்தில் போனதா, கரையேறியதா என்றுகூடத் தாய்க்குத் தெரியாது. ஒரு காக்கையிடம் பார்த்து வரச் சொன்னது. காக்கை போய்விட்டு வந்து, "அங்கே நிறைய சருகுமான் இருக்கு. எல்லாம் ஒரே மூஞ்சி" என்றது.

தாய்க்கு ஓர் அடையாளம் தெரியும். மகள் தண்ணீர் குடிக்கும்போது முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொள்ளும். குட்டியாக இருந்தபோது ஒரு தடவை சேற்றில் கால் புதைந்துபோன பயம். அதைக் காக்கைக்குச் சொல்லி அனுப்பலாம்தான். ஆனால் காக்கை வாயால் கேட்கிற விஷயமா அது?

அக்கரை விலங்குகள் தண்ணீர் குடிக்க மணலுக்கு இறங்குவது பொழுது சாயும்போதுதான். அங்கே மயில் அகவும். அதன் பிறகு இறங்குவார்கள். அந்த நேரத்தில் ஏற்றத்தின் மேலே இருக்க வேண்டும். ஒரே ஒரு தடவை.

முண்டியடித்த நாட்களில் சருகுமானால் வரிசைப் பக்கமே போக முடியவில்லை. யாராவது தும்மினாலே அது புதருக்குள் ஓடிவிடும். எருக்கிலை வந்ததும் அதற்கு நம்பிக்கை வந்தது. ஆனால் ஐந்து ஓட்டை இலைகள் என்றால் எல்லோருக்கும் ஆசை. வெயில் தாழ்ந்த நேரம், குளிர்ந்த காற்று. நரி கொடுக்க ஆரம்பித்ததுமே அவை தீர்ந்துவிடும். தானே குத்திய இலையைத் தானே எடுத்துக்கொள்ளச் சருகுமானுக்குக் கூச்சம். ஓரமாக நிற்கும். கடைசியில் நரி, வேலைக்காரிக்கு நல்லது செய்கிற பெருமையோடு மூன்று ஓட்டை இலை ஒன்றை அதன் முன்னால் போடும்.

உச்சி வெயிலில் கூட்டமே இருக்காது. வந்தவுடன் ஏறலாம். சருகுமான் அப்படி மூன்று நாள் ஏறியது. மூன்று நாளும் அக்கரை மணல் வெறிச்சோடிக் கிடந்தது. காய்ந்த குளம்புத் தடங்கள் மட்டும் நிறைய தெரிந்தன. எது யாருடையது என்று மேலிருந்து எப்படிச் சொல்வது? கொக்கு இருபது எண்ணி முடிக்கும்வரை அந்தத் தடங்களையே பார்த்துவிட்டு இறங்கி வரும்.

"உன்னை மாதிரி அதிர்ஷ்டக்காரி யாரு? ஒரு நொடி நின்னதில்லை நீ" என்று நரி சொல்லும்.

சருகுமான் ஒரு தடவை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஐந்து ஓட்டை இலை கேட்டது. நரி அதற்குப் பொறுமையாக விளக்கியது. சாயங்காலம் என்றால் நாலு சுற்று நிற்க வேண்டியிருக்கும். மத்தியானம் என்றால் நிற்கவே வேண்டாம். புத்தியுள்ளவர்கள் எதைக் கேட்பார்கள் என்று அதனிடமே கேட்டது. சருகுமான் தலையாட்டிவிட்டு எருக்கஞ்செடிப் பக்கம் போய்விட்டது.

அதற்குள் மேற்கே மேகம் கட்டத் தொடங்கிவிட்டது. மழை இறங்கினால் யானை மலைக்குப் போய்விடும். ஆறு மறுபடி பெருகினால் மருதமரம் இருக்குமோ, போகுமோ. நாளைக்கு ஒருநாள்தான் என்று யானை சொல்லிவிட்டது.

அந்தக் கடைசி நாள் விடிந்தது. சூரியனைக் காணவில்லை. வானம் முழுக்கச் சாம்பல் நிறம். மூங்கில் கழி நின்றது, ஐந்து கற்களும் கிடந்தன, நிழல் மட்டும் இல்லை.

நரி அதை யோசித்திருக்கவில்லை. கழியைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு ஓட்டைக்காரர்கள் தங்கள் நேரம் இதுதான் என்றார்கள். இரண்டு ஓட்டைக்காரர்கள், அது எப்போதோ முடிந்துவிட்டது என்றார்கள். இன்றைக்கு விட்டால் அடுத்த கோடைதான் என்று எல்லோருக்கும் தெரியும். பன்றி தூங்கவேயில்லை, நேராக முட்ட ஆரம்பித்தது. முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு நடுவில் நின்றதும் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. கூடை காலியாகத் தொங்கியது.

நரிக்குத் தலை சுற்றியது. ஒருவரையாவது ஏற்றிவிட்டால் வண்டி ஓடத் தொடங்கிவிடும் என்று, சண்டை போடாமல் ஓரமாக நின்ற சருகுமானைப் பார்த்தது.

"தங்கச்சி, நீ ஏறு. இன்னைக்கு முதல் ஆள் நீதான்."

சருகுமான் நகரவில்லை. புதருக்குள் ஓடவும் இல்லை.

"வேண்டாம் நரியண்ணா. நான் காத்திருக்கிறேன்."

முட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காத்திருப்பைக் கேட்டு வாங்குகிற ஒருவரை அந்தக் காடு பார்த்ததில்லை. இத்தனை நாள் தான் மூளையைக் கசக்கியது எதற்கு என்று நரிக்குக் கோபம் வந்தது.

"பைத்தியமா உனக்கு? எல்லாரும் முதல்ல ஏற அடிச்சுக்கிறாங்க. மழை எப்ப வேணும்னாலும் வரும். அப்புறம் ஏற்றமே கிடையாது."

"தெரியும். பொழுது சாயற நேரத்துக்குத்தான் எனக்கு வேணும். மழை வந்தா வரட்டும்."

அப்போது யானை பாறைக்குப் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்தது. இத்தனை நாளில் அது நூறு நூறு பேரை ஏற்றி இறக்கியிருக்கிறது. ஒருவரையும் ஒன்றும் கேட்டதில்லை.

"நீ எதைப் பார்க்க ஏறுறே?" என்று கேட்டது.

சருகுமான் சொன்னது. வெள்ளத்தைச் சொன்னது, நாணலைச் சொன்னது, மயில் அகவும் நேரத்தைச் சொன்னது. மகள் காலைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் குடிப்பதைச் சொல்லும்போது, தன்னையறியாமல் தன் காலையும் தூக்கிக் காட்டியது.

கரடி முன்னால் வந்து, தான் காற்று வாங்கத்தான் ஏறுவதாகவும், இன்றைக்குக் கீழேயே காற்று நன்றாக அடிப்பதாகவும் சொன்னது. தன் ஐந்து ஓட்டை இலையைச் சருகுமானின் முன்னால் வைத்தது. முயல், நாம் எதற்கு ஏறுகிறோம் என்று யோசித்துப் பார்த்தது. கூட்டம் நின்றதால் நின்றதாக ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. அப்படிப் போனவர்கள் பாதிப் பேர். மிச்சப் பேர் முண்டாமல் ஏறி, இருபதுக்கு முன்பே இறங்கினார்கள்.

பிற்பகலில் தூறல் விழுந்தது. மருதமரம் வழுக்கத் தொடங்கியது. நனையப் பிடிக்காதவர்கள் ஓடினார்கள். யானையின் குட்டி மலைப் பக்கம் பார்த்துக் கத்தியது. யானை போகவில்லை. சருகுமான் கூடைக்குள் நனைந்தபடி உட்கார்ந்திருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நிழலும் இல்லாத நாளில் பொழுது சாய்ந்ததா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? மழை என்றால் அங்கே யாரும் தண்ணீருக்கு இறங்காமலே போய்விடலாம். அதையும் சருகுமான் யோசித்தது. யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது.

அக்கரையில் மயில் அகவியது.

கிறீச்.

கூடை புதரைத் தாண்டியது, மரங்களைத் தாண்டியது, நாணலின் வெள்ளைப் பூக்கள் கீழே போயின. கொக்கு எண்ண ஆரம்பித்தது. இருபது வந்ததும் நரியைப் பார்த்தது. நரி வேறு எங்கோ பார்த்தது. கொக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணியது. யானையின் கால் நடுங்க ஆரம்பித்தது. அழுத்தத்தை அது விடவில்லை.

மணலில் முதலில் மான்கள் இறங்கின. அப்புறம் பன்றிகள். எல்லோரும் குடித்துவிட்டுப் போனார்கள். மணல் காலியானது. கொக்கு இரண்டாவது தடவையும் இருபதைத் தொட்டது.

அதன் பிறகு சருகின் நிறத்தில் ஒன்று புதரிலிருந்து வெளியே வந்தது. அங்கும் இங்கும் பார்த்தது. தண்ணீர் ஓரமாகப் போய்க் குனிந்தது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டது.

அதன் பின்னால் எலி அளவில் இன்னொன்று வந்தது. அதுவும் குனிந்து, அதே மாதிரி ஒரு காலைத் தூக்கிக்கொண்டது.

சருகுமான் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் அவ்வளவு தூரம் கேட்காது. அவர்கள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. வானத்தில் ஒரு கூடையில் அம்மா உட்கார்ந்திருப்பாள் என்று யார் நினைப்பார்கள்? குடித்து முடித்து, பெரியது முன்னாலும் சிறியது பின்னாலுமாகப் புதருக்குள் போய்விட்டார்கள்.

கூடை இறங்கியது.

"பார்த்தியா?" என்றது யானை.

"பார்த்தேன். ரெண்டு பேர்" என்றது சருகுமான்.

யானை காலை உதறிக்கொண்டது. விடிந்ததும் கிளம்பலாம், அதுவரைக்கும் வருகிறவர்களை ஏற்றுகிறேன் என்று மட்டும் சொன்னது.

நரி நிழலில்லாத கழியைப் பிடுங்கிப் போட்டது. பிறகு கரடியிடம் போய், காற்று வாங்க எந்த நேரம் நல்லது என்று கேட்டது. ஆமையிடம் போய், எதைப் பார்க்க ஏறுகிறாய் என்று கேட்டது. ஆமை பதில் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. நரி நின்று கேட்டது.

சருகுமான் மேலே விழுந்திருந்த தண்ணீரைச் சிலிர்த்து உதறியது. எருக்கஞ்செடிக்குப் போய், நனையாத இலைகளாகப் பார்த்துப் பறித்து, அவரவர் சொன்ன நேரத்துக்கு ஏற்ப ஒவ்வொன்றாக ஓட்டை போடத் தொடங்கியது.

ஒருவரின் காத்திருப்பைக் குறைக்க நினைப்பவர், அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று முதலில் கேட்டறிய வேண்டும்.