மயில் கொட்டுன தண்ணி

ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தாராம், அவருக்கு முத்தரசின்னு ஒரே மக. அம்மாக்காரி செத்ததுல இருந்து அந்தப் புள்ள சோறே திங்கல, வைத்தியரெல்லாம் கையை விரிச்சுட்டாங்க. ராசா செண்பகவடிவுன்னு படம் எழுதுறவளைக் கூப்புட்டு, "தாயி, இவளுக்குப் பறவைக் கதைன்னா உசுரு. கதையில வர்ற பறவையெல்லாம் எழுதிக் காட்டு, பாத்துக்கிட்டே ரெண்டு வாய் தின்னாலும் போதும்"னு அழுதாராம். ராசா அழுவாரான்னு சிரிக்காத, அவரும் அப்பந்தானே.

அவ சாயத்தைத் தண்ணியில கரைச்சு எழுதுறவ. கிளி வந்து நின்னுச்சு, எழுதினா. கொக்கு வந்து நின்னுச்சு, எழுதினா. மயிலு தோகையை விரிச்சுக்கிட்டு நின்னுச்சு, அதையும் எழுதினா. கடைசியா ஒரு காக்கா தன் குஞ்சோட வந்து, "அக்கா, எல்லாக் கதையிலயும் நான் திருடி, இல்லாட்டி ஏமாளி. எம்புள்ள பாத்து வெக்கப்படாத மாதிரி ஒண்ணு எழுதித் தாயேன்"னு கேட்டுச்சு. பாவம், அவளுக்கு மனசு தாங்கல. தாயையும் குஞ்சையும் சேத்து எழுதி, மயில் படத்துக்குப் பக்கத்துலயே காயப்போட்டா.

மயிலுக்குப் பொறுக்கல. "இந்தக் கரிமூஞ்சி எனக்குச் சரிசமமா?"ன்னு, அவ அந்தப் பக்கம் போனதும் தண்ணிச்சட்டியைக் காலால எத்தி விட்டுடுச்சு. காக்கா படம் கழுவிக்கிட்டுப் போயிடும்னு நெனப்பு! ஈரச் சாயத்துல தண்ணி பட்டா பரவும்னு அந்தத் தலைக்கனத்துக்கு எங்க தெரியும்? கறுப்பு பரவிப் பரவி, குஞ்சு தலைக்கு மேல பெரிய றெக்கையா விரிஞ்சுக்கிச்சு, சுத்தி மழை பெய்யுற மாதிரி ஆயிப்போச்சு. தண்ணி அதோட நின்னுச்சா? ஓடிப்போய் மயில் படத்துலயும் ஏறிடுச்சு. தோகையெல்லாம் கலங்கிச் சேறாப் போச்சு, அந்தக் கோணக்கால் ரெண்டுதான் மிச்சம்.

செண்பகவடிவு வந்து பாத்து அய்யய்யோன்னு தலையில கை வச்சா. அதுக்குள்ள அரண்மனை ஆளு ஓடி வந்து, "புள்ள மயங்கி மயங்கி விழுது, இருக்குறதைக் குடு"ன்னு அப்படியே தூக்கிட்டுப் போயிட்டான்.

முத்தரசி கிளியைத் தள்ளினா, கொக்கைத் தள்ளினா. மயிலைப் பாத்து, "ஐய, இது யாரு, வெறுங்காலு?"ன்னு கலகலன்னு சிரிச்சா. பின்னாலயே வந்து சன்னல்ல நின்ன மயிலு புதருக்குள்ள ஓடி ஒளிஞ்சுக்கிச்சு. காக்காவைக் கண்டதும் புள்ளைக்குச் சிரிப்பு நின்னு போச்சு. அந்த றெக்கையை வெரலால தடவி, "அப்பா, இந்த அம்மா குஞ்சை நனையவிடல"ன்னா. சொல்லிட்டுத் தேம்பித் தேம்பி அழுதா, அம்மா செத்தப்பக்கூட அழாத புள்ள. அழுது முடிச்சு, "பசிக்குதுப்பா. மொதல்ல அந்தக் காக்காவுக்கு வை"ன்னா.

சோறு வச்சதும் காக்காவும் குஞ்சும் சன்னல்ல வந்து உக்காந்து தின்னுச்சுங்க, ராசா ஊட்ட ஊட்ட முத்தரசியும் தின்னா. அடுத்தவங்களை அழிக்கப் பாத்த மயிலுக்கு வெறுங்காலு, புள்ளையை நெனச்ச காக்காவுக்கு மொதச் சோறு. கதை கூட்டுல அடைஞ்சாச்சு, நீயும் கண்ணை மூடு சாமி.