உவரி இறக்கி வைத்த பிள்ளை

அந்தக் காலத்தில் கல்லும் நீரும் வாய்திறந்து பேசின. மாண்டுபோன ஒரு கடலின் மகளாகிய உவரி என்னும் உப்புநீர், பூமியின் ஆழத்தில் அகப்பட்டுக் கிடந்தாள். அவளுடைய சூட்டில், ஆழத்துப் பாறைகளின் உடலிலிருந்து இரட்டைப் பிள்ளைகள் பிறந்து அவள் மடியிலேயே கரைந்திருந்தார்கள். மூத்தவன் ஈயன். இளையவன் நாகன்; இன்று துத்தநாகம் என்கிறோமே, அவன்தான். கீழிருந்து ஊழித்தீயைப் போல வெப்பம் ஏறிவரவே, ஈசன் திருநாமத்தைச் சொல்லிக்கொண்டு உவரி ஒரு பாறைப் பிளவின் வழியே மேலேறினாள். பிள்ளைகளுக்கு ஒருமுறையேனும் பகலொளியைக் காட்டிவிட வேண்டும். அவள் வேண்டியது அவ்வளவே.

“அண்ணன் கனத்தில் அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது,” என்று சிரித்தான் நாகன்.

“நீ மட்டும் என்ன, பஞ்சு மூட்டையோ?” என்றான் ஈயன்.

உவரி சிரிக்கவில்லை. ஏற ஏற உடல் குளிர்ந்துகொண்டே வந்தது. சூடு இருக்கும்வரைதான் தன் மடிக்குப் பிடி உண்டு என்பதை அவள் அறிவாள்.

பிளவு ஒரு சுண்ணக்கல் குகைக்குள் திறந்தது.

“உள்ளே வராதே, தாயே,” என்றது சுண்ணக்கல், தாழ்ந்த குரலில். “செத்த சிப்பிகளின் ஓடுகளால் ஆனவன் நான். அவற்றின் மூச்சு இன்னும் இங்கே உலவுகிறது.”

திரும்பினால் தீ. உவரி நுழைந்தாள். அழுகிய முட்டையின் நாற்றம் அவளைச் சூழ்ந்தது. உருவம் தெரியவில்லை, காதருகே அந்த மூச்சாகிய கந்தகனின் குரல் மட்டும் கேட்டது.

“வா அம்மா. மேலே போகும் வழி என் முதுகுக்குப் பின்னால்தான். ஒரு பிள்ளையைக் கொடு, மற்றவனோடு போய்க்கொள்.”

“இருவரும் என் உயிர், ஐயா.”

“அதனால்தான் ஒன்றோடு நிறுத்தினேன். உன் கை சில்லிட்டுப் போகிறதே, இன்னும் எவ்வளவு நேரம் பிடித்திருப்பாய்?”

அச்சம் அவள் அறிவை விழுங்கியது. கண்ணை மூடிக்கொண்டு ஈயனை இறக்கி வைத்தாள். கந்தகன் தொட்ட கணமே பிள்ளை சாம்பல்நிறக் கல்லாய்க் கட்டம் கட்டமாக இறுகினான். அம்மா என்று அழைக்கவும் அவனுக்கு வாய் இல்லை.

“அண்ணன் இருட்டில் தனியே இருக்கமாட்டான்,” என்றான் நாகன். உவரி சேர்த்துப் பிடிப்பதற்குள் மடியிலிருந்து நழுவி, அண்ணன்மேல் சாய்ந்து, பழுப்புக் கல்லானான்.

புளிப்பேறிய அவள் கண்ணீர் சுண்ணக்கல்லை அரித்தது. அதுவோ வலியைப் பொறுத்துத் தன் உடலைக் கரைத்து, அந்த இருவருக்கும் இடம் விட்டது. கந்தகனும் சொன்னபடி வழிவிட்டான். வெறும் மடியோடு உவரி வெளிச்சத்துக்கு வந்து சேர்ந்தாள்.

அன்று முதல்தான் சுண்ணக்கல்லின் பொந்துகளில் ஈயமும் துத்தநாகமும் ஒன்றையொன்று அணைத்தபடி கிடக்கின்றன. அந்தப் பழுப்புக் கல்லை இடித்துப் பொடித்தால், கந்தகனின் மூச்சு இன்றும் எழுந்து முகத்தில் மோதுகிறது.