பஞ்சு மிசினுக்குத் திருநீறு

“அம்மா, அந்த மிசினு காவு கேக்குதுங்க,” என்றார் மில் மேஸ்திரி வெள்ளிங்கிரி.

சாமியார் சடையம்மை தன் குகை வாசல் பாறைமேல் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மேஸ்திரியைவிடப் பதினைந்து வயது இளையவள். ஆனாலும் அவர் அவளிடம் தீட்சை வாங்கியவர்.

“பதறாமச் சொல்லுங்க.”

மில் வந்து நாலு வருஷம் ஆகிறது. கோழி கூவி எழுந்த ஊர் இப்போது மில் சங்கு ஊதினால் எழுகிறது, சங்கு ஊதினால் சாப்பிடுகிறது. வெள்ளிங்கிரிக்கு அதில் ஒரு குறையும் இல்லை. வானத்தைப் பார்த்துக் கிடந்த சனத்துக்கு மில்தான் சோறு போட்டது என்று அவரே பத்துப் பேரிடம் சொல்லுவார்.

அவரை அரித்தது பஞ்சைச் சிக்கெடுக்கும் அந்த ஒரு மிசின்தான். ஆறு மாதத்தில் மூன்று பேர் கையை வாங்கிவிட்டது. கடைசியாகப் போனது மாராத்தாளின் வலது கை.

“வண்டில ஏத்துறப்ப, ‘மேஸ்திரி, என்ற வேல போயிருமுங்களா’ன்னு கேட்டாளுங்க. கை போனத ஒரு வார்த்த கேக்கல.”

மேஸ்திரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நாளைக்குக் காத்தால அந்த எடத்துக்கு அவ தங்கச்சி வர்றாளுங்க. பதினெட்டு வயசு. நாந்தான் கொண்டுபோயி உடோணும்.”

“இதுவரைக்கும் என்ன பண்ணிப் பாத்தீங்க?”

எல்லாம்தான் பண்ணிப் பார்த்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். எலுமிச்சம்பழம் கட்டினார்கள். சேவல் அறுத்தார்கள். சேவல் பூசாரி வீட்டுக் குழம்புக்குப் போனது. மிசின் திருந்தவில்லை.

“கை எப்படிச் சிக்குது?”

“உருளைல பஞ்சு அடைச்சுக்குமுங்க. அத இழுத்து எடுக்கோணும்.”

“நிறுத்திட்டா?”

“நிறுத்துனா நூலு கொறையுமுங்களே. மானேசருக்கு யாரு பதில் சொல்றது? ஓட்டத்துலயேதான் எடுக்கோணும். சூதானமா இருந்தா ஒண்ணும் ஆவாதுங்க. இது என்னமோ சாமி குத்தமுங்க.”

சடையம்மை கீரையை ஒதுக்கி வைத்தாள். கையைக் கழுவினாள். குகைக்குள் போய் ஒரு பிடி திருநீறு அள்ளிவந்தாள்.

மேஸ்திரிக்கு உயிர் வந்தது. அதற்காகத்தானே நாலு மைல் நடந்து வந்தார்! இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டார்.

“அந்த உருளை மேல பூசுங்க. கை சிக்குன அதே எடத்துல.”

“ஆகட்டுங்கம்மா. சங்கு ஊதறதுக்கு முன்னாலயே பூசிடறனுங்க.”

“வேண்டாம். மிசினு ஓடறப்பப் பூசுங்க.”

“ஓடறப்பங்களா?”

“ஓட்டத்துலயேதான் பூசோணும். சூதானமா.”

மேஸ்திரி ஓரடி பின்னால் போனார். திருநீறு பாதி கீழே கொட்டிவிட்டது.

“என்னங்கம்மா இப்படிச் சொல்றீங்க? எங் கையி போயிருமுங்க!”

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.