ஒற்றைத் தடத்தில் மூன்று பேர்

மலையடிவாரத்தில் மடத்துப்பாறை என்றொரு ஊர். அங்கே புத்திக்குப் பஞ்சமில்லை. யாரும் எடுத்துச் செலவழிக்காததால் அப்படியே பத்திரமாக இருந்தது.

அந்த ஊர் மாசானத்தின் மகள் செண்பகத்துக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை வீடு மலைக்கு அந்தப் பக்கம். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. இதுவாவது நிற்க வேண்டுமே என்று மாசானம் சோறு இறங்காமல் கிடந்தார். அந்த நேரம் பார்த்து, மலைப்பாதையில் முறம் அகலத்துக்கு ஒரு காலடித் தடம் தெரிந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஆள் விட்டுச் சொல்லிவிட்டார்: "அது என்ன மிருகம், என்ன குணம்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அதுவரைக்கும் நாங்க மலை இறங்க மாட்டோம்."

மாசானம் தன் தம்பி குத்தாலத்தையும் மச்சினன் சொரிமுத்துவையும் கூட்டிக்கொண்டு வனத்துறை வாட்சரிடம் போனார். வாட்சர் பொறுமையாகச் சொன்னார்: "தடத்தை விட்டு விலகாதீங்க. உங்க மேல மனுச வாடை அடிக்கக் கூடாது. காட்டுக்குள்ள கண்ணை நம்பாதீங்க, மரம்கூட ஆள் மாதிரி தெரியும்."

வாட்சர் செய்த ஒரே தப்பு, இதை இவர்களிடம் சொன்னதுதான்.

வியாழக்கிழமை காலை மூவரும் மேலெல்லாம் கருவாட்டுக் குழம்பைப் பூசிக்கொண்டு கிளம்பினார்கள். மனுச வாடை சுத்தமாகப் போய்விட்டது. ஊர்ப் பூனைகள் எல்லைவரைக்கும் வந்து வழியனுப்பின.

பாதையில் அந்த இடம் மட்டும் களிமண், மற்றதெல்லாம் பாறை. அதனால் தடமும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. விலகக் கூடாதல்லவா? மூவரும் அதற்குள் இறங்கி, ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒத்தத் தடம்தான் இருக்கு. அப்ப அதுக்கு ஒரே காலுதான், அண்ணாச்சி" என்றார் குத்தாலம்.

"இன்னொரு காலு?"

சொரிமுத்து யோசித்தார். "வீட்ல வச்சிட்டு வந்திருக்கும். காட்டுக்கு எதுக்கு நல்ல காலு?"

"அப்ப சிக்கனமான குணம்" என்றார் மாசானம். பாதி வேலை முடிந்த திருப்தி அவருக்கு.

உச்சி வெயிலில் மேலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். மாப்பிள்ளை கோமதிநாயகம். அப்பா பேச்சைத் தட்டிவிட்டு வந்திருந்தார். நல்ல பிள்ளை.

"மாமா, மிருகம் இருந்தா இருந்துட்டுப் போகுது. நாளைக்குத் தாலி கட்ட நான் வந்திருதேன். இதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றார் மூச்சு வாங்க.

மாசானம் கலங்கிப்போனார். "ஏலே, அப்படியே நம்ம மாப்ள மாதிரியே இருக்கே!"

"கண்ணை நம்பாதீக, அத்தான்" என்றார் சொரிமுத்து.

கோமதிநாயகம் காலில் விழக் குனிந்தார். மூவரும் தடத்தை விட்டு நகராமலே அவரை அமுக்கிப் பிடித்துத் துண்டால் கட்டினார்கள். பிறகு கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டு, அவர் காலைத் தடத்தில் வைத்துப் பார்த்தார்கள். பாதிகூட நிறையவில்லை.

"குட்டி" என்றார் குத்தாலம்.

"ரெண்டு காலு இருக்கேலே?"

"சின்னதுல ரெண்டு இருக்கும் அண்ணாச்சி. பால்பல் மாதிரி ஒண்ணு விழுந்திரும்."

"மாமா, நான் கோமதி! உங்க மாப்ள!"

"மாமாங்குது" என்று வியந்தார் சொரிமுத்து. "மரியாதை தெரிஞ்ச மிருகம்."

குணம் தெரிந்துவிட்டது. இனிக் கல்யாணத்துக்குத் தடையில்லை. மாசானத்துக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. ஆனால் மலையேறிப் போய்ச் சேதி சொல்லி மாப்பிள்ளையை யார் அழைத்துவருவது? இவர்கள்தான் தடத்தை விட்டு விலகக் கூடாதே.

நெடுநேரம் ஆலோசித்தார்கள்.

"இதையே அனுப்பினா என்ன?" என்றார் சொரிமுத்து. "மலை பழகினது."

"மாப்ளய இதுக்கு எப்படிலே அடையாளம் தெரியும்?"

"அவுக மூஞ்சியத்தானே மாட்டிக்கிட்டு வந்திருக்கு!"

மறுத்துப் பேச முடியாத நியாயம். மாசானம் கட்டை அவிழ்த்து முதுகில் தட்டிக்கொடுத்தார். "மாப்ளகிட்ட மாமா தேடுனாகன்னு சொல்லு. கையோட கூட்டிட்டு வந்திரு."

கட்டு அவிழ்ந்ததுதான் தாமதம். அது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேட்டைப் பார்த்து எடுத்தது ஓட்டம். செருப்பு கழன்று விழுந்ததைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மாசானம் நெகிழ்ந்துபோனார். "கல்யாண வேலைன்னா சொந்தக்காரன்கூட இப்படி ஓட மாட்டாம்லே. நாளைக்கு முதல் பந்தியில, மாப்ள பக்கத்துலயே அதுக்கும் ஒரு இலை போட்டிரணும்."